முறத்தில் காய்ந்தது, ஜன்னலில் தொங்குகிறது

சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் எங்கள் ஆயா வீட்டு மொட்டை மாடியில் மாசி பிறந்தால் கால் வைக்க இடம் இருக்காது. ஒரு மூலையில் மோர்மிளகாய், ஒரு மூலையில் சுண்டைக்காய், நடுவில் பழைய வேட்டியில் கூழ்வடாம். நாள் முழுக்க நிழல் விழாத கிழக்கு ஓரம் மட்டும் நார்த்தங்காய்க்கு. ஆயா காயை அரிவாள்மனையில் வைத்துச் சுற்றிச் சுற்றி அறுப்பார். அறுத்து முடித்ததும் துண்டு துண்டாக விழாது. ஒரே சுருளாக நீளும். அந்தச் சுருளுக்குள் கல்லுப்பை அடைத்து மூன்று நாள் ஜாடியில் ஊறவிடுவார். பிறகு பகலில் முறத்தில் வெயில், இரவில் மறுபடி அதே உப்புத் தண்ணீர். ஜாடித் தண்ணீர் முழுதும் காய்க்குள் போய், காய் சுக்காக வற்றி, மேலே உப்புப் பூக்கும்வரை இது நடக்கும். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மா அதே வேலையைத் தப்பகாயில் செய்வார். மாங்காய்த் துண்டு காயப்போட்டால் அதற்கு 'ஒருகுலு' என்று பெயர். பேர்தான் இரண்டு. இரண்டு மாடிகளிலும் ஒரே வெயில்.

எழுபதுகளில் ஒரு டிசம்பர். எனக்கு ஏழெட்டு வயது. ஜாடியிலிருந்து ஒரு நார்த்தங்காய்ச் சுருளை எடுத்து, வீட்டில் நட்டிருந்த சவுக்குக் கிளையில் மாட்டிவிட்டேன். தொட்டால் வில்கம்பி மாதிரி ஆடியது. எனக்கு அது மரத்திலிருந்த எல்லாவற்றையும்விட அழகாகத் தெரிந்தது. ஆயா பார்த்துவிட்டார்.

"வாய்ல போட்ற வஸ்துவ மரத்துல தொங்க உட்டுகினு கீற? எடுறா அத, தெய்வ குத்தம்."

எடுத்துவிட்டேன். அந்த வீட்டில் சாப்பாடு வேறு, அலங்காரம் வேறு. அந்தக் கோடு எங்கே போகிறது என்று ஆயாவுக்குத் தெளிவாகத் தெரியும்.

அலங்காரத்துக்கு என்ன இருந்தது என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடலோரத்திலிருந்து சவுக்கு ஏற்றி வரும் லாரிக்காரரிடம் முன்கூட்டிச் சொல்லிவைத்தால் ஒரு நல்ல கிளை கிடைக்கும். அதை மண் நிரப்பிய டால்டா டின்னில் நட்டால் கிறிஸ்துமஸ் மரம். மூங்கில் பிளாச்சைக் கட்டிப் பட்டம் ஒட்டும் தாளைச் சுற்றினால் நட்சத்திரம். உள்ளே ஒரு குண்டு பல்பு. கலர் காகிதத்தை முக்கோணமாக வெட்டி மைதா பசையில் சணல் நூலில் ஒட்டுவது பிள்ளைகள் வேலை. குடிலுக்குப் புல் வேண்டுமென்று பத்து நாள் முன்னால் தேங்காய் ஓட்டில் கேழ்வரகு தெளிப்போம். கிறிஸ்துமஸுக்குள் பச்சைப்பசேலென்று விரற்கடை உயரம் வளர்ந்து நிற்கும். சவுக்கங்காய்களைப் பொறுக்கிச் சுண்ணாம்பில் தோய்த்தால் அதுதான் பனி. சர்ச் வாசலில் மாவிலைத் தோரணம், இரண்டு வாழைமரம். அதே மார்கழிக் காலையில் தெருவில் கோலம் போட்டு, நடுவே சாண உருண்டையில் பூசணிப்பூ செருகிக் கொப்பெம்மா வைத்திருப்பார்கள். எங்கள் தெருவில் பண்டிகைகள் வேறு வேறாக இருந்தாலும் அலங்காரப் பொருள் எல்லாம் ஒரே மண்ணிலிருந்துதான் வந்தது. காசு கொடுத்து வாங்கியது காகிதமும் பல்பும் மட்டும்.

பழம் அதில் இல்லை. பழம் இருந்திருக்கவும் முடியாது. ஆப்பிள் என்பது ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகும்போது வாங்கும் பொருள். கமலா ஆரஞ்சு வந்தால் சுளை எண்ணிப் பங்கு வைப்போம். அந்தக் கணக்கில் வளர்ந்த கைக்குப் பழத்தைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட மனசு வராது.

இத்தனைக்கும் மரத்தில் பழம் தொங்கவிடும் வழக்கமுள்ள நாட்டார் நூறாண்டுக்கு முன்பே நம் ஊர்களுக்கு வந்துவிட்டார்கள். 1605இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து வீடுகளில் கிறிஸ்துமஸ் மரத்தில் ஆப்பிளும் காகித ரோஜாவும் அப்பமும் சர்க்கரையும் தொங்கியதற்கு எழுத்துச் சான்று இருக்கிறது. கண்ணாடி உருண்டைகள் ஜெர்மனியின் லவுஷா கிராமத்து ஊதுலைகளிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் பரவின. மரத்தின் முதல் அணிகலன் பழந்தான். அந்த ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் ஊரிலிருந்து வந்த லூத்தரன் மிஷனாரிகள் திருப்பதி வட்டாரத்தில் சபையும் பள்ளிக்கூடமும் நடத்தினார்கள். டாக்டர் ராதாகிருஷ்ணன் சிறுவனாக நான்கு வருடம் படித்தது திருப்பதியில் அவர்கள் நடத்திய பள்ளியில்தான். சித்தூர்ப் பக்கம் 1853இல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷன், வேலூரையும் சித்தூரையும் மதனப்பள்ளியையும் ஒரே வட்டமாக வைத்து வேலை செய்தது. இவர்கள் வழியாக மரம் நம் வீடுகளுக்கு வந்தது, பாட்டு வந்தது, கேக் வந்தது. பழம் தொங்கவிடுவது மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை. ஆயாவின் குரலை நினைத்தால் காரணம் எனக்கு விளங்குகிறது.

தொண்ணூறுகளில் சவுக்குக் கிளை போனது. மடக்கி வைக்கும் பிளாஸ்டிக் மரம், ஜிகினாச் சரம், சீரியல் செட், தெர்மாகோல் குடில் என்று ஒரே அட்டைப்பெட்டியில் பண்டிகை பரணேறி இறங்கியது. எங்கள் வீட்டிலும்தான். தெர்மாகோலை அறுக்கும்போது பறந்த வெள்ளை மணிகள் பொங்கல் முடிந்தும் வீட்டு மூலையில் கிடந்தன. 2022 ஜூலை 1 முதல் ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் தடை நாடு முழுக்க வந்தபோது, தடைப்பட்டியலில் அலங்காரத் தெர்மாகோலும் தனியாகப் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது. இது பலருக்குத் தெரியாது. அந்த முப்பது வருடத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு வேறு ஒன்றும் இல்லை.

இப்போது வேறொன்று வந்திருக்கிறது. ஆரஞ்சை வட்டமாக நறுக்கி, காயவைத்து, பட்டையும் அன்னாசிப்பூவும் சேர்த்துச் சணலில் கோத்து ஜன்னலில் தொங்கவிடுகிறார்கள். வெளிச்சம் பின்னால் இருந்து விழுந்தால் ஒவ்வொரு வட்டமும் சர்ச் ஜன்னலின் வண்ணக் கண்ணாடி மாதிரி ஒளிர்கிறது. செல்போனில் இதைப் பார்த்துவிட்டுத் திருப்பதியில் இருக்கும் என் மகள் 2023 டிசம்பரில் முதன்முதலாகச் செய்யப் பார்த்தாள். அந்த மாதம் 5ஆம் தேதி மிக்ஜாம் புயல் பாபட்லா அருகே கரை கடந்தது நினைவிருக்கும். அதற்கு முன்னும் பின்னும் மழை. அவள் நாக்பூர் கமலாவை வாங்கி நறுக்கி, மின்விசிறிக்குக் கீழே தட்டில் பரப்பியிருக்கிறாள். மூன்றாம் நாள் வட்டமெல்லாம் கருத்துப் பூசணம். போன் வந்தது.

"அப்பா, ஆயா எப்படிப்பா காய வெச்சாங்க?"

அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். போனில் பார்த்த வித்தை சரியானதுதான். அது குளிர்நாட்டு அடுப்புக்கும் குளிர்நாட்டுக் காற்றுக்கும் ஏற்றது. திருப்பதியில் வருடத்திலேயே அதிக மழை அக்டோபரிலும் நவம்பரிலும்தான் கொட்டுகிறது. 2021 நவம்பரில் நகரத் தெருக்களில் வெள்ளம் ஓடியதை ஒருவரும் மறந்திருக்க முடியாது. இந்த மண்ணில் டிசம்பரில் தொங்க வேண்டியதை டிசம்பரில் காயவைக்க முடியாது. ஆயா இதை யாரிடமும் படிக்கவில்லை. மாசியிலிருந்து ஆனி வரைக்கும் வெயிலைப் பிடித்து ஜாடியில் வைத்துக்கொண்டு மழைக்காலத்தைக் கடப்பதே அவருடைய வருடம்.

அடுத்த வருடம் நானே திருப்பதிக்குப் போய் மகளோடு உட்கார்ந்து செய்தேன். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் ராயலசீமை சாத்துக்குடி தெருவண்டிகளில் குவியும். சாத்துக்குடிக்கு அந்தப் பெயர் பேரணாம்பட்டு மலையடிவாரத்துச் சாத்கர் ஊரால் வந்தது என்பார்கள். அது பழைய வட ஆற்காடு, சித்தூருக்குத் தாய் ஜில்லா. 1911இல் அங்கிருந்து பிரித்துத்தான் சித்தூர் ஜில்லாவை உண்டாக்கினார்கள். கமலாவைவிடச் சாத்துக்குடியே இந்த வேலைக்கு உகந்தது என்று கையில் பிடித்ததும் புரிந்துவிட்டது. கமலாவின் தோல் சுளையை விட்டு விலகி நிற்கும். வட்டமாக நறுக்கினால் சுளை தனி, வளையம் தனி. சாத்துக்குடியின் தோல் சதையோடு ஒட்டியது. நறுக்கினால் சக்கரம் மாதிரி முழுசாக வரும். காய்ந்தபின் செக்கச்சிவந்த நிறம் வராதுதான். தேன் நிறம் வரும். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

கனம் அரை சென்டிமீட்டர். அதற்கு மேல் போனால் நடுவில் ஈரம் தங்கும். குறைந்தால் சுருண்டு நொறுங்கும். நூறு கிராம் பழத்தில் 85 கிராமுக்கு மேல் தண்ணீர்தான். அது போகும்வரை பூசணத்துக்கும் நமக்கும் ஓட்டப்பந்தயம். அதனால் முதல் இரண்டு நாள் வெயிலைத் தவறவிடக் கூடாது. விதையை ஊசியால் எடுத்துவிட்டு, பருத்தித் துணியில் இரண்டு பக்கமும் ஒற்றி, மூங்கில் முறத்தில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பினோம். மேலே கொசுவலைத் துணி. காலையும் மதியமும் புரட்ட வேண்டும். பொழுது சாய்ந்ததும் உள்ளே எடுத்துவிட வேண்டும், பனியீரம் பட்டால் பகல் வேலை வீண். ஆறாம் நாள் விரலால் வளைத்தால் வளையாமல் தோல்பொம்மைத் தோல் மாதிரி விறைத்து நின்றது. அப்போது எடுத்தோம். வெயில் ஏமாற்றினால் மின்னடுப்பில் 100 டிகிரிக்கு மேல் போகாமல் மூன்று நான்கு மணிநேரம், அரைமணிக்கொருதரம் புரட்டிக் காயவைக்கலாம். சூடு அதிகமானால் பழத்திலுள்ள சர்க்கரை கருகிப் பழுப்பாகிவிடும்.

ஆயாவின் வித்தையில் ஒன்றை மட்டும் நான் விட்டுவிட்டேன்: உப்பு. வாய்க்குப் போகும் வத்தலை உப்புத்தான் காக்கிறது. ஜன்னலில் தொங்குவதற்கு அது ஆகாது, மழைக்காற்று வீசினால் உப்புக் கசிந்து நூலெல்லாம் சொட்டும். மஞ்சளை வைத்துக்கொண்டேன். கிளிமூக்கு மாங்காயைத் தோலோடு மெல்லிய இலையாகச் சீவி மஞ்சள் தண்ணீரில் முக்கிக் காயவைத்தால் நிறம் மாறாமல் பொன்னாக இருக்கிறது. கூடூர்ச் சந்தை எலுமிச்சையில் சின்ன வட்டங்கள் செய்தோம்; சிறிய மரத்துக்கு அவைதான் பொருத்தம். வட்டங்களை எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி, துணியில் முடிந்த வறுத்த அரிசியும் நாலு கிராம்பும் போட்டு மூடி வைத்தோம். பழச் சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. ஆகவே டிசம்பரில் எடுத்ததும் தோசைக்கல்லை லேசாகச் சூடாக்கி ஒரு வாட்டு வாட்டித்தான் கோக்க வேண்டும்.

கோப்பதற்கு வேண்டியதெல்லாம் அஞ்சறைப்பெட்டியில் இருந்தது. அன்னாசிப்பூவைப் பாருங்கள், எட்டு முனை நட்சத்திரம் அது. இத்தனை வருடம் பிரியாணியில் கிடந்து, சாப்பிடும்போது ஒதுக்கி வைக்கப்பட்டது. நாட்டுமருந்துக் கடையில் வில்வக்காய் வட்டம் காய்ந்ததாகவே எடைக்குக் கிடைக்கிறது. நடுவே விதையறைகள் பூப்போல விரிந்திருக்கும் அந்த வட்டத்துக்கு ஈடான அலங்காரப் பொருளை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. சிவப்புக்கு ஆனைக்குன்றிமணி. ஒரு எச்சரிக்கை: கருப்புப் புள்ளி வைத்த சின்னக் குன்றிமணியைப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சேர்க்காதீர்கள். அதற்குள் கடும் விஷம் இருக்கிறது. சேஷாசல மலைக்காரர்களுக்குச் செஞ்சந்தன மரத்தின் காய் தெரியும். நடுவே விதை புடைத்து, சுற்றிலும் மெல்லிய சிறகோடு வட்டமாக இருக்கும். வீட்டுத் தோட்டத்தில் அந்த மரம் வைத்திருப்பவர்கள் உதிர்ந்த காயைப் பொறுக்கிக்கொள்ளலாம். காட்டுக்குள் போய் எடுக்கலாகாது.

இதையெல்லாம் முடித்து ஜன்னலில் மாட்டிய அன்று, எதிர்வீட்டு அம்மா, திருமலைக்கு மாதம் ஒருமுறை நடந்தே ஏறுபவர், உள்ளே வந்து பார்த்தார். "இது எங்க சாமிக்குப் பண்றதாச்சே" என்றார். உண்மைதான். பிரம்மோத்சவ நாட்களில் ரங்கநாயகர் மண்டபத்தில் ஸ்நபன திருமஞ்சனம் நடக்கும்போது மலையப்ப சுவாமிக்கும் நாச்சிமார்க்கும் விதவிதமான மாலையும் கிரீடமும் மாற்றி மாற்றிச் சாத்துகிறார்கள். ஏலக்காய் மாலை, வெட்டிவேர் மாலை, உலர்திராட்சை மாலை, முந்திரியும் பாதாமும் கோத்த கிரீடம். வைகுண்ட ஏகாதசிக்குக் கோயிலைப் பழக்குலைகளாலும் பூக்களாலும் நிறைக்கிறார்கள். காய்ந்த கனியால் அழகு செய்யும் கலை கடல் தாண்டித்தான் நமக்கு வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அது ஏழு மலைக்கு மேலே என் கண்ணெதிரே இருந்தது தெரியாமல் போயிற்று. ஆயாவின் கோட்டை அந்த அம்மாவின் ஒரு வார்த்தை அழித்துவிட்டது. உண்ணும் பொருளை முதலில் கடவுளுக்கு அணிவிப்பது இந்த மலைக்குப் பழக்கமான மரியாதை.

இன்னொரு செய்தி. உலர்ந்த பூ, காய், விதைகளை அலங்காரத்துக்காக உலகுக்கு அனுப்புவதில் தூத்துக்குடியும் கொல்கத்தாவும் நம் நாட்டின் பெரிய மையங்கள். இந்தியாவின் மலர் ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பங்கு இந்த உலர்பொருள்களுடையது. தூத்துக்குடியின் வறண்ட வெயிலும் துறைமுகமும் அந்தத் தொழிலை அங்கே நிலைக்க வைத்தன. வெளிநாட்டு வீடுகளை அலங்கரிக்கும் உலர்பொருள்களில் சில, நம் வெயில் காயவைத்தவை. அதைப் படம் பிடித்து அவர்கள் போட, அதைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ளும் நிலை எனக்கு உறுத்துகிறது.

ஆயாவின் அதட்டலுக்குள் இருந்த கேள்வி மட்டும் பாக்கி. பசித்தவன் இருக்கும் ஊரில் பழத்தைத் தொங்கவிடலாமா? இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல பழத்தை வாங்கி வீணடிப்பதை இன்றும் நான் ஏற்கமாட்டேன். இன்று நம்மைச் சுற்றி நடப்பதையும் பார்க்க வேண்டும். 2025 கோடையில் சித்தூர் ஜில்லாவில் தோத்தாபுரி மாம்பழத்தின் விலை விழுந்தது. கூழ் ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் கொடுக்க வேண்டும், மேலே 4 ரூபாய் அரசு தரும் என்று அறிவிக்கும் நிலை வந்தது. ஆலை வாசலில் டிராக்டர்கள் வரிசையில் காத்துக் கிடந்தன; கொட்டப்பட்ட பழங்கள் ரோட்டோரம் அழுகின. ஆயா காலத்தில் ஒரு காயும் மாடியைத் தாண்டி வீணாகப் போகாது. இன்று பழம் மலிந்து கிடக்கிறது, காயவைக்கும் கையைத்தான் காணோம். வத்தல்கூடப் பாக்கெட்டில் வருகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடிக்குப் பூட்டு. மகள் வீட்டில் அந்தச் சாவியை வாங்க நாங்கள் சங்கத்துக் காரியதரிசியிடம் இரண்டு நாள் நடந்தோம். இழந்ததில் பெரியது அதுதான் என்பேன்: வெயில் விழும் இடம் வீட்டுக்குச் சொந்தமாக இல்லாமல் போனது.

கிடைத்ததும் உண்டு. அன்று மாடி வேலை முழுவதும் ஆயா தலையில். தாத்தா ஒரு காயைப் புரட்டிப் போட்டு நான் பார்த்ததில்லை. இன்று முறத்தைப் புரட்டியது நான். நூல் கோத்தது மருமகன். எந்த வட்டம் எங்கே தொங்க வேண்டும் என்று ஆணையிட்டவள் பேத்தி. சாவி கிடைத்த மூன்றாம் நாள் நான்காம் மாடிப் பெண் ஒருத்தி மணத்தக்காளியைக் கொண்டுவந்து எங்கள் முறத்துக்குப் பக்கத்தில் பரப்பினாள். அடுத்த வாரம் மாடியில் ஐந்து முறம். மேகம் கறுத்தால் யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்கள் எல்லோருடையதையும் உள்ளே எடுத்து வைப்பது என்று பேசாமலே ஓர் ஏற்பாடு உண்டாகியிருந்தது.

பழத்துக்கு இப்போது நாங்கள் வைத்திருக்கும் கட்டுப்பாடு இது. தோலில் வடுப்பட்டு, வண்டிக்காரர் ஓரமாகத் தள்ளி வைத்த பழத்தை மட்டும் வாங்குவோம். பழத்தின் இரண்டு முனையும் வட்டத்துக்கு உதவாது. அதைப் பிழிந்து சாறாகக் குடித்துவிடுவோம். வார்னிஷோ பளபளப்புத் தூளோ பூசமாட்டோம். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் இறக்கி, பட்டையையும் அன்னாசிப்பூவையும் அடுத்த வருடத்துக்கு எடுத்து வைத்துவிட்டு, தூசி படிந்த வட்டங்களைக் கிள்ளி ரோஜாத் தொட்டியில் புதைத்துவிடுவோம். ஒன்றும் குப்பைக்குப் போவதில்லை. ஆயா இருந்திருந்தால் இதற்கு மேல் என்னைத் திட்டியிருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

போன கிறிஸ்துமஸுக்கு, சாத்துக்குடி வட்டங்களுக்கு நடுவே ஒரே ஒரு நார்த்தங்காய்ச் சுருளும் தொங்கியது. உப்பில்லாமல் காயவைத்தது. பேத்தி அதைத் தொட்டுத் தொட்டு ஆடவிட்டாள். யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

டிசம்பரில் நினைத்துக்கொண்டால் பிந்திவிடும். ஆவணியில் சாத்துக்குடி வண்டி உங்கள் தெருவுக்கு வரும்போது வடுப்பட்ட பழமாகப் பார்த்து ஒரு டஜன் வாங்குங்கள். மாடிச் சாவியை அதற்கு முன்பே கேட்டு வையுங்கள்.